நிஜாம் கடைக்கு எதிராக அறுபத்து மூன்று ஆமென்

கிள்ளானில் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழ்க் கிறிஸ்தவச் சபைக்கு வந்து சேர்வதற்குள் விமலன் ஒரு மணி நேரச் செய்தியைப் படித்து முடித்திருப்பான். நாடாளுமன்றத்தில் ஒருவர் இன்னொருவரின் மதத்தைப் பற்றி ஏதோ சொல்லியிருப்பார். அதற்கு ஒரு பதில், பதிலுக்கு ஒரு கண்டனம், கண்டனத்தின் மேல் ஒரு போலீஸ் புகார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, கர்த்தர் இன்னும் சிங்காசனத்தில்தான் இருக்கிறாரா என்று அவனுக்கே லேசாகச் சந்தேகம் வரும். ஞாயிறுதோறும் மைக்கைப் பிடித்துச் சபைக்காக மன்றாடும் பொறுப்பு அப்படிப்பட்டவனிடம்தான் இருந்தது.

சபையும் லேசுப்பட்டதல்ல. தேர்தலுக்குப் பிறகு அரசாங்கத்துக்கு வேண்டியவர்கள் இடப்பக்க பெஞ்சுகளிலும் வேண்டாதவர்கள் வலப்பக்கத்திலும் உட்காரப் பழகிவிட்டார்கள். பாஸ்டர் காணாமற்போன ஆட்டைப் பற்றிப் பிரசங்கித்தால், அது எந்தப் பக்கத்து ஆடு என்று இரண்டு பக்கமும் யோசித்தது.

வாட்சப் ஜெபக் குழுவில் மட்டும் சமாதானம் நிலவியது. அங்கே விதி அப்படி. ஜெபக் குறிப்பு வந்தால் ‘ஆமென்’ போடலாம், வேறொன்றும் போடக்கூடாது. கேள்வி கேட்டால் விசுவாசக் குறைவு.

மூன்று வாரத்துக்கு முன் விமலனுக்கு ஒரு படம் வந்தது. ஏதோ மனுவின் நடுப்பகுதி. வரிசையாகக் கையெழுத்துகள், அவற்றில் ஒன்றின்மேல் பக்கத்துத் தெரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையான நிஜாம் கடையின் முத்திரை. ‘நம் கோயிலை மூடச் சொல்லிக் கையெழுத்து’ என்று கீழே எவரோ எழுதியிருந்தார்கள். விமலன் யாரிடமும் விசாரிக்கவில்லை. மேலே ‘அவசர ஜெபம்’ என்று சேர்த்துக் குழுவுக்கு அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் அறுபத்து மூன்று ஆமென். ஒன்பது வருடமாக ஆராதனை முடிந்ததும் தேநீரோடு வந்துகொண்டிருந்த, கறி அடைத்துப் பொரித்த நிஜாம் கடைக் கறிபாப்பை, தேநீர்ப் பொறுப்பாளர் அமுதவள்ளி அக்கா காரணம் சொல்லாமலே நிறுத்தினார். இடமும் வலமும் முதன்முறையாக ஒரே குரலில் பேசின. பார்த்தவர்கள் ஆவிக்குரிய எழுப்புதல் என்றே நினைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை மாலை, சபை வேலையாக வந்திருந்த விமலன் அந்தத் தெருவழியே தலையைக் குனிந்துகொண்டு போனபோது நிஜாம் கூப்பிட்டுவிட்டார்.

“என்ன தம்பி, மூணு வாரமா ஆர்டரே வரல. கறிபாப்ல ஏதும் கோளாறா? சொன்னா மாத்திக்கிறேன் லா.”

பதில் தேடி விமலன் சுவரைப் பார்த்தான். கல்லாவுக்குப் பின்னால் அதே மனு, முழுசாக, ஒட்டியிருந்தது. கடைவரிசைக்குப் பின்னாலுள்ள சாக்கடை அடைத்து நாறுகிறது, நகராண்மைக் கழகம் தயவுசெய்து சுத்தம் செய்ய வேண்டும் என்பதே கோரிக்கை. நான்காவது கையெழுத்து பாஸ்டருடையது. ஜெபக் குழுவை அவர் கைபேசியில் மியூட்டில் போட்டுவிட்டுப் பார்க்காமலே இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் ஆராதனைக்கு முன் விமலன் அமுதவள்ளி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

“அடுத்த வாரம் ஆர்டர் குடுத்துடலாம்பா. கோயில்ல எதுக்குச் சொல்லணும்? ரெண்டு பக்கமும் இப்பத்தான் ஒண்ணா இருக்கு. நீ சொன்னேன்னா அப்புறம் மைக் உன் கையில இருக்குமா?”

இருக்காது என்றுதான் அவனுக்கும் தோன்றியது. மன்றாட்டு நேரத்தில் பொதுவாகவே ஆரம்பித்தான். பொய்ச் செய்தி பரப்புகிறவர்களை மன்னியும் என்றான். இடம் வலத்தைப் பார்த்தது, வலம் இடத்தைப் பார்த்தது. ‘கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேளும்’ என்ற பதில் கூரையைத் தூக்கியது. இத்தனை பலத்த பதில் அவனுக்கு இதுவரை வந்ததில்லை. அதைக் கேட்டுத்தான் அவனால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

“கர்த்தாவே, அத அனுப்புனது நான்தான்.”

சாக்கடை, முத்திரை, கறிபாப் என்று ஒன்றையும் விடாமல் சொன்னான். பாஸ்டர் அங்கிக்குள் கைபேசியைத் தேடினார். பிறகு மூன்றாவது பெஞ்சில் அமுதவள்ளி அக்கா எழுந்தார்.

“ஆமென் போட்டவங்கள்ல நானும் ஒருத்தி, ஆண்டவரே.”

வலப்பக்கம் ஒருவர் ‘நானும்’ என்றார். இடப்பக்கம் இருவர். தான் எதையுமே படித்ததில்லை, எல்லாவற்றுக்கும் ஆமென் போடுவதே வழக்கம் என்று தம்புசாமி அங்கிள் சபையின் முன் அறிக்கையிட்டார். அன்றைய பாவ அறிக்கைகளில் அதுவே ஆக நேர்மையானது.

ஆராதனை முடிந்ததும் விமலன் நேரே கடைக்குப் போய் நிஜாமிடம் சொன்னான். நிஜாம் தேநீர் ஆற்றுவதை நிறுத்தவில்லை, முகம் மட்டும் இறுகிப்போயிற்று.

“ஒம்பது வருஷமா என் கையால சாப்பிட்டீங்க. ஒருத்தர்கூட வந்து ஒரு வார்த்த கேக்கல.”

“பயந்துட்டேண்ணே.”

“எனக்குப் பயம் இல்லியா? நானும் அதே நியூஸ்தானே பாக்குறேன்.”

நிஜாம் விமலனின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அமுதவள்ளி அக்கா நின்றார். அவருக்குப் பின்னால் தம்புசாமி அங்கிள். அவருக்கும் பின்னால் வாசலைத் தாண்டி வெயிலில் சபை. ஒவ்வொருவரும் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். முதல் ஆளுக்கு நிஜாம் தலையை மட்டும் ஆட்டினார். நாலாவது ஆளிடம் வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்தார். ஏழாவது ஆள் வாயைத் திறக்குமுன்னே கையை உயர்த்திவிட்டார்.

“மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு. உள்ள போய் உக்காருங்க, வழிய மறைக்காதீங்க.”

கடையில் மொத்தமே நாலு மேசை. இடம் வலம் பார்த்து உட்கார வசதியில்லை. சுவர்த் தொலைக்காட்சியில் அதே ஆள் அதே மதத்தைப் பற்றி மறுபடியும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். விமலன் தட்டின் முன் கண்ணை மூடினான். பாதி ஜெபத்தில் செய்தி வாசிப்பவரின் குரல் உயர்ந்தது. அவன் அவசரப்படாமல் ஜெபத்தை முடித்தான். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.