பையில் ஒரு சொட்டும் இல்லை

குடலில் ஒரு சாண் வெட்டியெடுத்து ஒட்டுப் போட்டாயிற்று, இனி எல்லாம் சரி என்று லேத் பட்டறைக்காரனின் வீடே நினைத்தது. ஒரு வாரம் தாங்கவில்லை. வயிற்றுக்குள், கல்லீரலுக்கு அடியில், சீழ் கட்டிக்கொண்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது.

"இன்னொரு தடவை கத்தி வச்சா நான் எந்திரிக்க மாட்டேன்டி" என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஒரு வண்டி வாண்டுகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற தொண்டை அவளுக்கு. "வைக்க விட மாட்டேன்" என்றாள். அதற்கு வழி உண்டா என்று அப்புறம்தான் யோசித்தாள்.

வழி இருந்தது. ஸ்கேன் அறை டாக்டரம்மா படத்தில் சீழ்க்குழியைத் தொட்டுக் காட்டினார். "கிழிக்க வேண்டாம். தோல் வழியா ஊசிய விட்டு, அதே வழியில ஒரு மெல்லிசு குழாய வச்சுட்டா வடிஞ்சிடும்." இடுப்புக்கு மேலே மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துப் பார்த்துக் குழாயை இறக்கினார். குழாயின் மறுமுனையில் மாட்டிய பையில் சீழ் கலங்கலாக வந்து நிறைந்தது. மறுநாளே காய்ச்சல் இறங்கி, பட்டறைக்காரன் நர்ஸிடம் வம்பளக்கும் அளவுக்குத் தேறிவிட்டான்.

அன்று சாயங்காலம் அவனுடைய அக்கா வந்து சேர்ந்தாள். சலவைக் கடையில் துணி மடித்தே தேய்ந்த கை அவளுக்கு, சும்மா இருக்குமா? போர்வையை மடித்தாள். துண்டை மடித்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் சட்டையைக்கூட விடவில்லை.

"அடுத்து என்னையும் மடிச்சு அலமாரியில வச்சிருவீங்க போல அண்ணி" என்றாள் பஸ்காரி. அண்ணி முறைத்தாள். இருவருக்கும் என்றுமே அவ்வளவு ஒட்டுதல் கிடையாது.

காலையில் பையில் ஒரு சொட்டும் இல்லை. "பாத்தியா, என் தம்பிக்கு எல்லாம் வடிஞ்சு முடிஞ்சிருச்சு!" என்று அக்கா வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அந்தச் சந்தோஷம் மதியம்வரைதான். அவனுக்குப் பல் கிட்டித்துக் குளிர் நடுக்கம் கண்டது. காய்ச்சல் பழையபடி ஏறியது.

ஆபரேஷன் செய்த டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பையைப் பார்த்தார். "குழாயில ஒண்ணும் வரலை, காய்ச்சலும் விடலை. ஒட்டுப் போட்ட இடம் விட்டிருக்கும்னு நினைக்கிறேன். திறந்து பாத்துடுவோம். கையெழுத்துப் போடுங்கம்மா."

கட்டிலில் கிடந்தவன் மனைவியைப் பார்த்தான். அவள் கையெழுத்துத் தாளைத் திருப்பி நீட்டினாள்.

"மாட்டேன் சார். குழாய வச்ச டாக்டரம்மா ஒரு தடவை பாக்கட்டும்."

"அவங்க வேற கேஸ்ல இருக்காங்க. தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்தும்மா."

"தள்ளிப்போடச் சொல்லலை. நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

டாக்டர் பதில் சொல்வதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். பயந்துதான் இருந்தாள், தன் பிடிவாதத்தால் அவன் போய்விட்டால்? ஆனாலும் கால் நிற்கவில்லை. ஸ்கேன் அறை வாசலில், குறுக்கே நிறுத்திய வண்டி மாதிரி நின்றாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்ததும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"சட்டுனு நின்னு போச்சா? அப்ப வழிதான் அடைச்சிருக்கும். வாங்க" என்று அவர் முன்னால் நடந்தார்.

வந்ததும் போர்வையை விலக்கினார். குழாய் நாலாக மடிக்கப்பட்டு, ரப்பர் பேண்ட் போடப்பட்டு, இடுப்புத் துணிக்குள் நறுவிசாகச் செருகியிருந்தது. மடிப்பில் நசுங்கிப் போயிருந்தது.

அக்காவின் முகம் வெளிறியது. "தொங்கிட்டு இருந்துச்சு... கால்ல மாட்டி இழுத்துருமேன்னு நான்தான்..."

பஸ்காரிக்குக் கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை விழுங்கினாள். "அப்புறம் அழலாம் அண்ணி. இப்ப அந்தப் பைய நல்லா கீழ பிடிங்க."

டாக்டரம்மா மடிப்பைப் பிரித்து, உப்புநீரை ஊசிக்குழலால் மெல்லச் செலுத்தினார். போகவில்லை. இழுத்துப் பார்த்தார். வரவில்லை. ஆபரேஷன் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மறுபடி செலுத்தி, மறுபடி இழுத்தார். கட்டியாக ஏதோ நழுவியது. அதன் பின்னாலேயே சீழ் குபுகுபுவென்று இறங்கியது. நாற்றத்தில் பக்கத்துக் கட்டில்காரர் மூக்கைப் பொத்தினார். பெண்கள் இருவரும் பொத்தவில்லை.

"தியேட்டர் இப்போதைக்கு வேணாம். சாயங்காலம் ஸ்கேன் எடுத்துட்டுச் சொல்றேன்" என்று ஆபரேஷன் டாக்டர் போனில் சொன்னார்.

பையைக் கொக்கியில் மாட்டலாம் என்று நர்ஸ் சொல்லியும் அக்கா விடவில்லை. தரையில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாடையில் சொட்டியது. தம்பி மனைவியை நிமிர்ந்து பார்த்தாள்.

"கனக்குதுடி" என்றாள்.