காற்று மேலேதான் போகும்

இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவனுக்குப் பிரேக்கைப் பற்றி எவனும் பாடம் எடுக்க வேண்டாம் என்பது விதோமிரின் கட்சி. மிதிப்பது வேறு, பிரித்து மாட்டுவது வேறு என்று பக்கத்து வீட்டு மெக்கானிக் கிர்ஸ்தா ஏழு வருஷத்துக்கு முன்னால் சொல்லிவிட்டான். அதுவும் எங்கே? விதோமிர் வீட்டுப் புனிதர் திருநாள் விருந்தில், இருபது பேர் முன்னிலையில், விதோமிர் போட்ட பன்றிக்கறியைத் தின்றுகொண்டே. அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. அதன்பின் வண்டியில் எது கெட்டாலும் விதோமிரே கழற்றுவான், விதோமிரே மாட்டுவான். கூடமாட நின்று திட்டு வாங்குவதற்கு மனைவி தேசாங்கா இருந்தாள்.

அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நீஷ் நகர ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அக்கா மகள் நெவென்கா பேசினாள்.

"சித்தி, அம்மா உங்களப் பாக்கணுங்கறாங்க. இன்னிக்கே வாங்க. நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க."

அக்கா ஸ்தமேனா தேசாங்காவோடு பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அக்கா புருஷன் செத்தபோது விதோமிர் இவளை அடக்கத்துக்கு விடவில்லை. செத்தவன் ஏதோ நில விவகாரத்தில் இவனை எதிர்த்துப் பேசிவிட்டானாம். போனில் மட்டும் "வண்டி ரிப்பேர்" என்று சொல்லி வைத்தான். வண்டி முற்றத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி நன்றாக நின்றுகொண்டிருந்தது. ஸ்தமேனா ஒன்றும் முட்டாள் இல்லை. அன்றோடு தங்கை முகத்தில் விழிக்கவில்லை. இப்போது அவளே கூப்பிடுகிறாள்.

ஆனால் இன்றைக்கு வண்டி உண்மையிலேயே ரிப்பேர். முந்தின நாள்தான் விதோமிர் முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, புது பிரேக் காலிப்பர்களை மாட்டி, வண்டியைக் கட்டைமேல் நிறுத்தியிருந்தான். காலிப்பர் வந்த அட்டைப்பெட்டிகளில் எது இடது, எது வலது என்று அச்சடித்திருந்தது. அவன் அதைப் படிக்கவில்லை. அடுப்பு மூட்டப் பெட்டிகள் உதவின.

"பதினொன்றரை பஸ்ஸுல நான் போயிடறேன்," என்றாள் தேசாங்கா.

"வீட்டுல வண்டிய வெச்சுக்கிட்டு பஸ்ஸா? ஊரு சிரிக்கும். குழாய்ல காத்து பூந்திருக்கு, அத எடுத்துட்டா முடிஞ்சுது. பத்து மணிக்கு ரோட்டுல இருப்போம். ஏறி உக்காரு."

அவள் நல்ல பாவாடையை மாற்றி, அக்காவுக்குப் பிடித்த சீமைமாதுளை ஜாம் ஒரு ஜாடியைப் பையில் வைத்து, பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். விதோமிர் சக்கரத்தடியில் படுத்தான். காலிப்பரில் காற்றை வெளியே விடுவதற்கு இருக்கும் நிப்பிளில் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையை எண்ணெய்ப் பாட்டிலுக்குள் விட்டான்.

"அமுக்கு!"

"அமுக்கிட்டேன்."

"பிடி! விடாத, விடாத... ம், இப்ப விடு."

அவள் அமுக்கும்போது அவன் நிப்பிளைத் திறப்பான். எண்ணெய் வரும். மூடுவான். அவள் காலை எடுப்பாள். மறுபடியும் அமுக்கு. பின்சக்கரம் இரண்டும் அரை மணியில் முடிந்தன. முன்சக்கரங்கள்தான் படுத்தின. ஒரு பாட்டில் பிரேக் ஆயில் போய்விட்டது. பெடல் மட்டும் பழைய பஞ்சு மெத்தை போலத் தரைவரைக்கும் இறங்கியது.

"நீ காலை எடுத்துட்ட."

"எடுக்கல."

"எடுத்தடி. நான் மூடறதுக்குள்ள எடுத்துட்ட. உன் அவசரந்தான் காத்த உள்ள இழுக்குது."

பத்தரைக்குக் கால் மரத்துப்போய் இறங்கியவள், குனிந்து பார்த்தாள். நேற்றுப் பழைய காலிப்பரைக் கழற்றும்போது விளக்குப் பிடித்தது அவள்தான். அப்போது நிப்பிள் மேல்பக்கம் இருந்தது. இப்போது கீழே இருந்தது.

"விதோமிர், நேத்து இது மேல இருந்துது."

"எது?"

"இந்தக் குழாய் மாட்டற இடம். காத்து மேலதான போகும்? ஜாம் கொதிக்கறப்போ குமிழி மேலதான வருது. வழிய கீழ வெச்சா அது எப்படி வெளிய வரும்?"

விதோமிர் எழுந்து உட்கார்ந்தான். சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளுக்கு முப்பத்து நாலு வருஷமாகத் தெரியும்.

"ஜாம் கிண்டற புத்திய அடுப்படியிலயே வெச்சுக்க. இது புது மாடல், அப்படித்தான் இருக்கும். ஏறு."

ஏறினாள். ஏன் ஏறினோம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவள் கை கதவுப்பிடிக்குப் போனது.

"கால எடுத்தீன்னா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்!" என்று அடியிலிருந்து கத்தினான். "நிப்பிள் திறந்திருக்கு! பிடி!"

பிடித்தாள். பஸ் நின்றது, கதவு திறந்தது, யாரோ இறங்கினார்கள், கதவு மூடியது, பஸ் போனது. எல்லாவற்றையும் பெடலை மிதித்தபடியே கேட்டாள். அந்த நிமிஷம் அவளுக்கு அவன்மேல் வந்த வெறுப்பைவிடத் தன் வலதுகால்மேல் வந்த வெறுப்புதான் அதிகம்.

பன்னிரண்டு மணிக்கு நெவென்கா மறுபடி கூப்பிட்டாள். தேசாங்காவின் கால் பெடலில் இருந்ததால் விதோமிர்தான் எண்ணெய்க் கையோடு போனை எடுத்தான். "வண்டி ரிப்பேரும்மா. இதோ, வந்துக்கிட்டே இருக்கோம்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஒன்றரை மணிக்கு இரண்டாவது பாட்டிலும் தீர்ந்தது. தேசாங்கா இறங்கி, நேராக வேலியோரம் போய், ஏழு வருஷமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

"கிர்ஸ்தா!"

அவன் வேலிக்கு அந்தப் பக்கம், பிளம் மரத்தடியிலேயேதான் நின்றான்.

"காலையிலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றான். "கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வர்றது?"

அவனும் வீம்பில் சளைத்தவன் இல்லை. வந்தான். முட்டி போடக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்தே ஒரு பார்வை.

"இடதை வலதுல மாட்டியிருக்க, வலதை இடதுல மாட்டியிருக்க. நிப்பிள் கீழ போயிடுச்சு. நீ வருஷம் பூரா அமுக்கினாலும் காத்து அங்கயேதான்யா குந்தியிருக்கும்."

விதோமிர் காலிப்பரைப் பார்த்தான். தேசாங்காவைப் பார்க்கவில்லை.

"அது இருக்கட்டும். தேசாங்கா, அக்காவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டான் கிர்ஸ்தா. "என் வண்டி நிக்குது. ஏறு, நான் கொண்டுபோய் விடறேன். காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"என் முற்றத்துல வந்தவன் கையில கிளாஸ் இல்லாம போனான்னு பேரு வரக்கூடாது," என்று குறுக்கே விழுந்தான் விதோமிர். தோற்றவனுக்கு மிச்சமிருந்த ஒரே மரியாதை அதுதான். "தேசா! ராக்கியா சாராயத்த எடுத்துட்டு வா, காப்பியும் போடு. ரெண்டு வாய் குடிச்சிட்டு அரை மணில மாத்திடலாம். எம்பொண்டாட்டி எதுக்கு இன்னொருத்தன் வண்டியில போகணும்?"

கிர்ஸ்தா அவளைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். ஏழு வருஷம் கழித்து நீளும் கிளாஸைத் தட்டினால் இன்னொரு ஏழு வருஷம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

தேசாங்கா உள்ளே போகவில்லை. பின்சீட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கிர்ஸ்தாவின் வண்டியைப் பார்த்து நடந்தாள். கேட்டைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது.

"சித்தி," என்றாள் நெவென்கா. "இனிமே அவசரமில்ல. மெதுவாவே வாங்க."

இரண்டாம் நாள் அடக்கத்துக்கு அவர்கள் சொந்த வண்டியிலேயே போனார்கள். கிர்ஸ்தா மாற்றி மாட்டிக் கொடுத்திருந்தான். பெடல் கல்லாக இருந்தது. மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் வண்டி சொன்னபடி கேட்டது. "பாத்தியா, எப்படிப் பிடிக்குதுன்னு," என்றான் விதோமிர் ஒரு தடவை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியபின் நெவென்கா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"அம்மா கதவையே பாத்துக்கிட்டிருந்தாங்க சித்தி. பன்னண்டு மணிக்கு மேல, 'இந்தத் தடவையும் அவன் விடலையா?'ன்னு கேட்டாங்க. வண்டி ரிப்பேராம்னு சொன்னேன்." கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சிரிச்சாங்க. அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. என்ன சொல்ல நினைச்சாங்கன்னு தெரியல."

தேசாங்கா வாயைத் திறந்தாள். இந்தத் தடவை நிஜம், கண்ணே. வண்டி கட்டைமேல் நின்றது. நிப்பிள் கீழே இருந்தது. நான் ஏழு மணியிலிருந்து பையோடு தயாராக இருந்தேன். எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. பின்னால், ராக்கியா ஊற்றிக்கொண்டிருந்த ஆண்கள் நடுவே விதோமிரின் குரல் கேட்டது.

"பிரேக்குன்னா ரெண்டு பேரு வேலைங்க. இவ மட்டும் காலை ஒழுங்காப் பிடிச்சிருந்தா, பத்து மணிக்கே கிளம்பியிருப்போம்."

தேசாங்கா அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாம்மா," என்றாள். "உங்கம்மா கேட்டது சரிதான். அவன் விடல."