பாலம் திறந்த நாள்

பத்திரிகை ஆபீஸில் ‘வரலாற்றில் இன்று’ பகுதியைத் தட்டச்சு செய்கிறவளுக்கு வருஷத்தில் ஒரு நாள் வயிறு பற்றி எரியும். மாநிலத்தின் பெரிய பாலம் திறந்த நாள் அது. போன வருஷம் வந்ததைப் பார்த்து அப்படியே தட்ட வேண்டும். ஏற்கெனவே அச்சில் வராத எதையும் சேர்க்கக் கூடாது. அங்கே அதுதான் முறை. நல்ல முறை போங்கள்! ஒரு தடவை மறைத்துவிட்டால் போதும், அப்புறம் யாரும் மெனக்கெட்டுப் பொய் சொல்ல வேண்டியதில்லை.

திறப்பு விழாவன்று காலையில், அவசர அவசரமாகக் கட்டிய சாரம் சரிந்து ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். ஒருவன் அவளுடைய அண்ணன். மதியம் மந்திரி ரிப்பன் வெட்டினார். மறுநாள் தாளில் ரிப்பன் மட்டும் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள்.

இந்த வருஷம் அவள் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தாள். ஆசிரியர் சிவப்புப் பேனாவால் அதைக் கோடு போட்டு எடுத்தார்.

“ஆதாரம் எங்கம்மா?”

“செத்தது எங்க அண்ணன் சார். பொணத்தை வாங்கினவ நான். இதுக்கு மேல என்ன ஆதாரம்?”

“அச்சுல வந்திருக்கணும்.”

அவள் விறுவிறுவென்று பழைய தாள்கள் அறைக்குப் போய், பாலம் திறந்த வருஷத்துக் கட்டைத் தூக்கிவந்து அவர் மேசைமேல் தொப்பென்று போட்டாள். விழாச் செய்தியின் தலைப்புக்குக் கீழே நிருபர் பெயர் இருந்தது. ஆசிரியரின் பெயரேதான்.

“நீங்க அங்க இருந்தீங்களா சார்?”

“இருந்தேன். அஞ்சு பேர் செத்ததையும் எழுதித்தான் குடுத்தேன். அப்ப இருந்த ஆசிரியர் போடல. நான் என்ன பண்றது?”

“அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாச்சு. அந்த நாற்காலியில இப்ப யாரு உக்காந்திருக்கா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி, ‘ஐந்து தொழிலாளர்கள் பலி’ன்னு போடு. பேரெல்லாம் வேணாம்.”

“ஏன், ரிப்பன் வெட்டினவருக்குப் பேர் இருக்கு, செத்தவங்களுக்கு இல்லையா?”

அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் தட்டினாள். நான்கோடு விரல் நின்றது. ஐந்தாமவன் வெளியூர்க்காரன். அவன் பெயரைக் கேட்டு அவள் அலையாத இடமில்லை, யாருக்கும் தெரியவில்லை.

ஆசிரியர் எந்தத் தாளையும் புரட்டவில்லை. அவன் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயசு எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் சொன்னார். வயசு பத்தொன்பது.

அவள் அதையும் தட்டி முடித்து நிமிர்ந்தாள்.

“அடப்பாவி மனுஷா! இத்தனையும் இருபத்திரண்டு வருஷமா மனசுல வெச்சுக்கிட்டா ரிப்பனைப் போட்டே?”