ஆஸ்டின் காரின் ரேடியோ

...இன்னும் என்னதான் பாக்கி, வால்வுகள் ஐந்தும் சிவந்துதான் எரிகின்றன, கண்டன்சரை மாற்றியாயிற்று, புது ஸ்பீக்கரும் போட்டாயிற்று, பிறகும் இந்தப் பெட்டி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறதே என்று பூவனலிங்கம் அந்தப் பழைய ஆஸ்டின் காரின் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து கிடந்தார். உச்சி வெயில், கரிசல் புழுதி மூக்கில் ஏறியது, ரேடியோவின் தகர மூடியில் விரலை வைத்தால் மெல்லிய நடுக்கம், பெட்டியா நடுங்குகிறது, கையா, கைதான் நடுங்கும், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையே. சத்தம் கூட்டும் திருகைப் பாதிக்குமேல் திருப்பப் பயம், புது ஸ்பீக்கர் கிழிந்துவிட்டால்? காரை வாங்கிய கடம்பூர் செல்வகணேஷ் சொல்லிவிட்டான், இன்னைக்குப் பாடலைன்னா இதத் தூக்கிட்டு ப்ளூடூத் செட்டு மாட்டிருங்க அண்ணாச்சி என்று, அதற்கு டாஷ்போர்டை அறுக்க வேண்டும், அறுத்தால் பிறகு ஒட்டாது... அறுத்துவிட வேண்டியதுதான், பேசாத ஒன்றோடு எத்தனை மாதம் மல்லுக்கட்டுவது, வீட்டில் பெண்டாட்டி தங்கமாரியோடு கட்டியது போதாதா? மகள் யோகலட்சுமியை நாகலாபுரத்தில் கட்டிக்கொடுத்து மறுவீடு முடிந்து வந்ததிலிருந்து தங்கமாரி வாயில் ஒரு சொல் இல்லை. முன்பும் அதிர்ந்து பேசுகிறவள் இல்லை, அடுத்த வீட்டுக்குக்கூட அவள் குரல் தெரியாது, ஆனாலும் இப்படியா, மகளுக்காகத்தான் இத்தனை காலம் இவரோடு பேசினாளா, சரி, அவளுக்கு மட்டுந்தான் வீம்பா, இவரும் நிறுத்திக்கொண்டார், சோற்றைக்கூட ஓட்டலுக்கு மாற்றிக்கொண்டார், இன்று காலையில் சொல்லியும் விட்டார், இனிமே நான் கடையிலேயே படுத்துக்கிடுதேன் என்று.

ஆக்ஸா பிளேடை எடுத்து டாஷ்போர்டின் விளிம்பில் வைத்தபோது யாரோ காலைப் பிடித்து உலுக்கினார்கள். எழுந்து பார்த்தால் செல்வகணேஷ், முகமெல்லாம் சிரிப்பு, காதருகே குனிந்து கத்தினான்.

"ஏன் அண்ணாச்சி பிளேடு? அதான் அருமையாப் பாடுதுல்லா! தெருமுக்குல இருந்தே கேட்டுக்கிட்டு வாரேன்."

"எது பாடுது?"

அவன் சிரிப்பு மெதுவாக இறங்கியது. "ரேடியோதான்... ஒங்களுக்குக் கேக்கலியா?"

விளையாடுகிறானா, இல்லை, இந்த முகம் விளையாடுகிற முகமில்லை. பூவனலிங்கம் திருகைக் கடைசிவரை திருப்பினார். செல்வகணேஷ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான், எதிர்க்கடை வாசலில் நின்றவர் திரும்பிப் பார்த்தார், அப்போதுதான் இவருக்கு எங்கோ பக்கத்து ஊர்க் கோயில் கொடையில் பாடுவதுபோல் ஒரு இழை, ஈயின் சத்தம்போல... கொடைக்குக் கொடை மைக்செட் கட்டி, அந்த ஸ்பீக்கர் குழாய்களுக்கு அடியிலேயே படுத்துத் தூங்கிய உடம்பு இது. அப்படியானால் பெட்டி எப்போது பாட ஆரம்பித்தது, நேற்றா, முந்தாநாளா, பாடிக்கொண்டிருந்ததையா பிரித்துப் பிரித்துப் போட்டேன், கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஏன் இவ்வளவு பக்கத்தில் வந்து கத்துகிறார்கள் என்று ஒருநாளாவது யோசித்தேனா?

"ஆசுபத்திரிக்குப் போவமா அண்ணாச்சி? வண்டி நிக்கி" என்றான் செல்வகணேஷ். அவன் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு... காலையில் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு தங்கமாரி நின்றாளே, அவள் உதடும் அசைந்ததே, வாய்க்குள் வைகிறாள் என்றுதானே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார், அதற்கு முன்னால் அடுப்படியில், கொடியில் துணி எடுக்கும்போது, ஒருநாள் இவர் தோளைத் தொட்டுக்கூட... எல்லாம் அவள் பேசியதா? பேசிவிட்டு நின்றாளா, பதிலுக்கா நின்றாள்? அப்படியென்றால் அந்த வீட்டில் பேச்சை நிறுத்தியது... செல்வகணேஷ் கையை நீட்டி ரேடியோவை அணைத்தான், அந்த இழை நின்றதுகூடப் பூவனலிங்கத்துக்குத் தெரியவில்லை, காலையில் அவள் என்ன கேட்டிருப்பாள்?