உரக்கப் பாடுகிறவள்

பெண்கள் ஞாயிறன்று பேச என்னைத்தான் கூப்பிட்டார்கள். வீடு, வேலை, சபை மூன்றையும் ஒரு கிறிஸ்தவப் பெண் எப்படிச் சமமாக நடத்துவது என்று சொல்ல வேண்டுமாம். "உங்கள விட்டா வேற யாருங்க இருக்கா, சாராள்?" என்றார் எங்கள் சபைக் குருவின் மனைவி. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலரைக்கு எழுந்து சோறாக்கி, ஏழரைக்குக் கூடையோடு மலையில் நின்று, சாயங்காலம் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு, வியாழக்கிழமை தவறாமல் வீட்டு ஜெபத்துக்கும் போகிறவள் நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட்டுகளில் நான் ஒருத்திதான் என்று எண்ணம். அந்தத் திமிரை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு நல்ல குரல். ஜெபத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பது நான்தான். அந்தக் குரலை வேறொன்றுக்கும் பயன்படுத்தினேன்.

என் தம்பி மனுவேலின் வீடு எங்கள் லைன் வீட்டு வரிசையிலேயே, சுவருக்கு அந்தப் பக்கம். அம்மா கண்டியிலேயே செத்துப்போனதால், இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தபோது அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவள் நான். குடித்துவிட்டு வந்தால் பெண்டாட்டி அன்னத்தை அடிப்பான். கல்யாணமான ஆறாம் மாதம், எங்கள் வீட்டில் ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது சுவர் வழியாக முதல் அடி கேட்டது. பெண்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். மானம் போகிறதே என்று பாட்டின் சுருதியை உயர்த்தினேன். அவர்களும் உயர்த்தினார்கள். அதுவே பழக்கமாகிவிட்டது. மூன்று வருடம் அப்படித்தான் பாடினோம். பாடி முடித்ததும், அன்னத்துக்குப் பொறுமையைத் தாரும் என்று ஜெபிப்போம். அவனுக்கு எதையும் தரச் சொல்லிக் கேட்டதாக நினைவில்லை.

பெண்கள் ஞாயிறுக்கு முந்தின வியாழன், ஜெபம் அன்னத்தின் வீட்டில். பத்துப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் பாட்டு நடக்கும்போது மனுவேல் வந்தான். யாரையும் பார்க்காமல் எங்கள் நடுவே நடந்து அடுப்படிக்குப் போனான்.

"சோறு எங்கடி?"

"ஜெபம் முடிஞ்சதும் போடறனுங்க" என்று அன்னம் எழுந்து பின்னாலேயே ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. ஒரு அறை விழுந்தது. பாத்திரம் உருண்டது. பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெட்கமில்லாமல் சுருதியை உயர்த்தினேன்.

அன்னம் எப்போதும் அழுவாள். அழுகை கேட்டால் உயிரோடு இருக்கிறாள் என்று என்னைத் தேற்றிக்கொள்வேன். அன்று அழுகை இல்லை. சுவரில் ஏதோ மோதிக்கொண்டே இருந்தது, ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப. மூன்றாம் சரணத்துக்கு மூச்சு இழுத்தபோது "அண்ணி" என்று கேட்டது. அடிக்குரலில் ஒரே ஒரு தடவை. இன்னொரு சரணம் பாடினால் இவள் செத்துப்போவாள் என்று தெரிந்துவிட்டது.

பாட்டை நிறுத்தினேன். பக்கத்திலிருந்த, சபைச் செயலாளர் சில்வஸ்டரின் மனைவி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்கக்கா, புருசன் பொண்டாட்டி விசயம்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடினாள். நான் கதவை உதைத்துத் திறந்தேன்.

மனுவேல் அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். சுண்ணாம்பில் ரத்தம் கோடாக இறங்கியிருந்தது. அவளுடைய வலது கை அடுப்புக்குள் கிடந்தது. சதை தீய்ந்த வாடை அடித்தது.

அடுப்பிலிருந்து பாதி எரிந்த விறகை உருவினேன். முதல் அடி தோளில். திரும்பி, "அக்கா" என்றான். அடுத்தது முழங்கையில். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்த பிறகும் அடித்தேன். முதுகில், காலில், வாயில். இரண்டு பல் தெறித்தது. எனக்குப் பிடித்திருந்தது. மூன்று வருடப் பாட்டில் கிடைக்காத நிம்மதி அந்த விறகில் கிடைத்தது. அதைச் சொல்ல எனக்கே பயமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் லூயிஸ் ஓடிவந்து விறகைப் பிடுங்காவிட்டால், இடுப்பில் சுமந்த பிள்ளையை நானே கொன்றிருப்பேன்.

அன்னத்தை வாரித் தூக்கினேன். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன், என் புத்தியைப் பாருங்கள்.

"மூணு வருசமா நல்லாத்தாங்க பாடுனீங்க, அண்ணி" என்றாள்.

மனுவேலை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்னத்துக்கு நெற்றியில் ஒன்பது தையல், கை முழுக்கக் கட்டு. அவளை என் வீட்டிலேயே படுக்க வைத்தேன். சனிக்கிழமை சில்வஸ்டர் வந்தார். "நடந்தது நடந்துபோச்சுங்க. நாளைக்கு எழுதி வெச்சத மட்டும் படிங்க. சபை மானம் இருக்குதுங்க" என்றார். அந்த மானத்தை அவருக்கு முன்பே பிடித்துத் தொங்கியவள் நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை எழுதி வைத்த தாளோடு கோயில் மேடை ஏறினேன். அன்னம் முன்வரிசையில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாளை மடித்தேன்.

"நான் எதையும் சமமா நடத்தலைங்க. என் தம்பி அவன் பொண்டாட்டிய அடிச்சப்பெல்லாம் அந்தச் சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு பாடுனேன். நீங்களும் கூடச் சேந்து பாடுனீங்க. இப்ப அவன் கைய ஒடிச்சிருக்கறேன். அதும் பாவந்தான். ஆனா மொதப் பாவம்..."

சில்வஸ்டர் பாடகர் குழுவைப் பார்த்துக் கையசைத்தார். அவர்கள் எழுந்தார்கள். எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு, வியாழக்கிழமைப் பாட்டு. சபை முழுவதும் எழுந்து நின்று பாடியது. நான் விடாமல் பேசினேன். அவர்கள் சுருதியை உயர்த்தினார்கள். எந்த இடத்தில், எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதெல்லாம் நான் பழக்கியதுதான்.

அன்னம் மட்டும் எழுந்திருக்கவில்லை. பாடவும் இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காவது கேட்கட்டும் என்று நான் கத்த ஆரம்பித்தேன்.