சூடு வராத கீசர்

எங்கள் பொம்மனஹள்ளி வீட்டு காஸ் கீசருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அது சமையலறைக்குப் பின்னால் தொங்குகிறது, குளியலறையோ வீட்டின் அந்தக் கோடியில். காசு கொடுத்து வாங்கும் டேங்கர் தண்ணீர் வீணாகிறதே என்று குழாயை நூலாகத் திறப்பேன். எவ்வளவு நேரம் நின்றாலும் பச்சைத் தண்ணீர்தான். அந்தச் சனியனைத் திட்டாத நாளில்லை.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலன்று என் வீட்டுக்காரர் பெருமாள்சாமியின் புலம்பல் தாங்காது. "சூடே இல்ல முத்தம்மா." ஆட்டோ ஓட்டுகிறவர். சர்க்கரை வியாதி போன வருஷம் அவர் வலது காலில் ஒரு விரலைக் கொண்டுபோய்விட்டது. "கால்ல சூடு, குளிர் தெரியுதான்னு பாத்துக்கிட்டே இருங்க. அது போச்சுன்னா காலைக் காப்பாத்துறது கஷ்டம்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் அவர் புலம்பும்போது எரிச்சலோடு ஒரு நிம்மதியும் வரும். குளிர் தெரிகிறதே, அது போதும்.

கீழ்வீட்டு குளோரியா கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நூலாட்டம் தெறந்தா கீசர் எப்பிடிக்கா பத்திக்கும்? தண்ணி வேகமா போனாத்தான் பத்தும். ஃபுல்லா தெறங்க. மொதல்ல வர்ற பச்சத்தண்ணிய பக்கெட்ல புடிச்சு பாத்திரம் கழுவிக்குங்க." இத்தனை நாள் இது தெரியாமல் போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இந்தச் சனிக்கிழமை முழுசாகத் திறந்தேன். முதல் பக்கெட் நிரம்பியதும் நகர்த்தி வைத்தேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து, சீயக்காய் வழிகிற முகத்தில் கண்ணை இறுக மூடியபடி, வழக்கம்போல வலது காலைக் குழாய்க்கு அடியில் நீட்டினார். நான் பின்னால் நின்று முதுகு தேய்த்தேன்.

"இன்னும் சூடு வரலியே."

"வரும், இருங்க. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"எங்க வருது? பச்சத்தண்ணிதான் கொட்டுது."

எரிச்சலோடு எட்டிக் கையை நீட்டினேன். சுரீரென்று சுட்டது. அப்போதுதான் பார்த்தேன், ஆவி பறந்துகொண்டிருந்தது. கால் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. அவர் அதை நகர்த்தக்கூட இல்லை.

குழாயை மூடினேன். எத்தனை நாளாக இப்படியோ? பாழாய்ப்போன கீசரைத் திட்டித் திட்டியே நான் ஏமாந்திருக்கிறேன்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

வாயில் வந்ததைச் சொன்னேன். "காஸ் தீந்துபோச்சுங்க."

"அதானே பாத்தேன்." அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "காலுதான் போயிடுச்சோன்னு பயந்துட்டேன்டி."