ரூடி டயாலிசிஸை நிறுத்திய வாரம்

ஒரு திங்கட்கிழமை காலை என் அண்ணன் ரூடி டயாலிசிஸுக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு மட்டும் இல்லை, இனி எப்போதுமே. நான்கு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். சர்க்கரை ஒரு காலை வாங்கிக்கொண்டது. இதயம் பாதிகூட வேலை செய்யவில்லை. இரண்டு மாதமாகப் போகும்போதெல்லாம் நடுவிலேயே ரத்த அழுத்தம் விழுந்து, வாந்தி எடுத்து, மறுநாள் முழுக்கப் படுத்தே கிடந்தான். போனாலும் சில மாதம்தான் என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"அந்தச் சில மாசத்த அவரே வச்சுக்கட்டும்" என்றான் ரூடி.

டயாலிசிஸ் வேண்டாம் என்கிற காகிதத்தில் சமையலறை மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டான். புத்தி தெளிவில்லாமல் போனால் தனக்காக முடிவு சொல்ல வேண்டியவள் என்று என் பெயரை எழுதினான். அவன் மனைவி இறந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. விவாகரத்துக்குப் பிறகு நான் அவன் வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். வேறு யார் பெயரை எழுதுவான்?

"டோலி, நல்லா கேட்டுக்க. ரத்தத்துல அழுக்கு சேரச் சேர மண்டை குழம்புமாம். அப்ப நான் கூட்டிட்டுப் போன்னு கத்தினாலும் நீ கூட்டிட்டுப் போகக் கூடாது."

"கத்தினா வாயில துணிய வச்சு அடைக்கறேன். போதுமா?"

"செஞ்சாலும் செய்வ. முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவளாச்சே."

இருவரும் சிரித்தோம். கையெழுத்துப் போடுகிற அன்றைக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.

முதல் இரண்டு நாள் அவனுக்குத் திருவிழா. நான்கு வருடமாகத் தொடக்கூடாது என்று வைத்திருந்ததையெல்லாம் கேட்டான். ஆரஞ்சு, வறுத்த உருளைக்கிழங்கு, அம்மா செய்கிற மாதிரி வால்நட் அரைத்துச் சுருட்டிய போடிட்சா ரொட்டி. நானும் செய்து கொடுத்தேன். அவன் அள்ளி அள்ளித் தின்ன, நான் தட்டைப் பின்னால் இழுத்தேன்.

"மெதுவாடா. அதுல பொட்டாசியம் ஜாஸ்தி."

"இனிமே அது என்னை என்ன பண்ணிடும்? கொன்னுடுமா?"

ஒரு நாள் விட்டு ஒரு நாள் மார்லிஸ் வந்தாள். வீட்டிலேயே இறக்க விரும்புகிறவர்களைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ். எட்டு நாள், மிஞ்சினால் பன்னிரண்டு என்றாள். வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள்: "அவருக்கு எப்ப மனசு மாறினாலும் ஒரு போன் போதும். திரும்பச் சேர்த்துக்குவாங்க."

அதைச் சொல்லாமல் போயிருக்கலாம் அந்தப் புண்ணியவதி. அதற்குப் பிறகு எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அவன் அறைக்கு வெளியே நின்று மூச்சை எண்ணுவேன். டயாலிசிஸ் மையத்தின் எண் மனப்பாடம் ஆகிவிட்டது. தினமும் காலையில் காபியோடு போய், "இன்னும் அதே முடிவுதானா?" என்று கேட்பேன். "அதேதான்" என்பான். வியாழக்கிழமை எரிந்து விழுந்தான்.

"காபி கொண்டு வந்தா காபி மட்டும் கொண்டு வா."

வெள்ளிக்கிழமை போனபோது சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

"வண்டி எங்க? நேரமாச்சு. சீக்கிரம் கிளம்பு."

அவன் என்ன சொல்லி வைத்திருந்தான் என்பது எனக்கு மறக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு கேள்வி கேட்கவில்லை. மையத்துக்குப் போன் அடித்தேன், பதினோரு மணிக்கு வரச் சொன்னார்கள். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய், தூக்கி, காரில் உட்காரவைத்து, பெல்ட்டைப் போட்டேன். மார்ச் மாதத்துச் சேறும் பனியுமான சாலையில் இருபது மைல் போக வேண்டும். ஹிப்பிங் ஊரைத் தாண்டும்போது எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டுகூட ஓட்டினேன்.

பாதி வழியில் ரூடி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"எங்க போறோம்?"

"டயாலிசிஸுக்கு."

"யார் சொன்னா?"

"நீதான்டா சொன்ன."

ரூடி காரின் முன்பலகையை ஓங்கி அடித்தான். அந்தக் கையில் அவ்வளவு பலம் மிச்சம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"நான் சொன்னாலும் கேக்காதன்னுதானடி உன் பேரை எழுதினேன்! திருப்பு."

பெட்ரோல் பங்க் ஒன்றில் நுழைந்து திருப்பினேன். வீடு வரைக்கும் அவன் வெளியே பார்த்தபடி அழுதான். நான் அவனை ஏமாற்றிவிட்டேன். அதற்கு வேறு பெயர் கிடையாது.

சனிக்கிழமை காலை அவன் கைகள் தானாகத் துள்ளிக்கொண்டிருந்தன. சொறிந்து சொறிந்து நெஞ்சில் ரத்தக் கோடுகள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"டோலி, கூட்டிட்டுப் போ."

இந்தத் தடவை சாவியைத் தொடவில்லை. மார்லிஸைக் கூப்பிட்டேன். கூட்டிக்கொண்டு போனால் துரோகம், போகாவிட்டால் கொலை, நான் என்ன செய்யட்டும் என்று போனிலேயே கத்தினேன்.

"ரெண்டே கேள்வி கேளுங்க" என்றாள் மார்லிஸ். "போனா என்ன ஆகும், போகாட்டி என்ன ஆகும். அவர் வாயாலயே சொல்லட்டும். புரிஞ்சுதான் கேக்கறார்னா காகிதத்துல என்ன எழுதியிருந்தாலும் கூட்டிட்டுப் போகணும். புரியலைன்னா, அவர் முன்னாடி சொன்னதுதான் முடிவு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவன் என்ன பதில் சொன்னாலும் எனக்குப் பயம்தான்.

"ரூடி, போனா என்ன பண்ணுவாங்க?"

"ஊசி குத்துவாங்க. ரத்தம் சுத்தும். வாந்தி வரும்." ஒரு பிசகு இல்லை.

"போகாட்டி?"

செத்துப்போவேன் என்று சொல்லடா, இப்போதே காரை எடுக்கிறேன் என்று மனசு அடித்துக்கொண்டது. அவன் நிதானமாக என் முகத்தைப் பார்த்தான்.

"நீ தனியாயிடுவ."

"என்னைப் பத்திக் கேக்கலை. உனக்கு என்ன ஆகும்?"

"எனக்கா? எனக்குப் போதும். என்னைக்கோ போதும்." மூச்சு வாங்கினான். "நேத்து கார்ல உன் மூஞ்சியப் பார்த்தேன். எவ்வளவு சந்தோஷமா ஓட்டின. பாடினடி. சரி, இவளுக்காக இன்னும் கொஞ்ச நாள் போய்த் தொலைப்போம்னு நெனச்சேன்."

அவனை அதட்டத்தான் வாயைத் திறந்தேன். முப்பது வருடம் நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைத்தவள் நான்.

"நான் இருந்துக்குவேன்" என்றேன்.

"பொய் சொல்லாத."

"சரி, பொய்தான். அழுவேன். ஒரு வருஷம் அழுவேன். அதுக்காக நீ போய் அந்த நாற்காலியில உக்கார வேண்டாம்."

"நெஜமாவா?"

"நெஜமா."

மணிக்கட்டை விட்டான். சிறிது நேரத்தில் தூங்கிப்போனான். அதற்குப் பிறகு அவன் எதையும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் போனான். நான் பக்கத்தில் இருந்தேன். அவனிடம் சொன்னபடியே அழுதேன்.